அத்தர்ச் சீசாவும் தாய்வழி மனையும்

எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஆகியவற்றின் வழிவந்த ஆய்வுகள் குடிமுறை, கோயில், கூத்து என்பவற்றில் ஆழ்ந்த அளவுக்கு வீட்டினுள் பேணப்பட்ட பொருள்களில் ஆழவில்லை. அவற்றுள் ஒன்று அத்தர். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைக்குடி முதலிய ஊர்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகையோடும் பெருநாளோடும் திருமணத்தோடும் இணைந்த இப்பொருளின் பேணுகை, அவ்வூர்களின் சொத்துரிமை வரலாற்றோடு சேர்த்து நோக்கற்பாலது.

மேனாட்டு வாசனைத் திரவியங்கள் பெரும்பாலும் மதுசாரத்திற் கரைக்கப்படுவன. அத்தரோ எண்ணெய். வட இந்தியாவின் கன்னோஜில் மலர்களைச் செப்புக் கொப்பரையில் நீருடன் காய்ச்சி, எழும் ஆவியைச் சந்தன எண்ணெய் கொண்ட கலத்துட் செலுத்துவர். சந்தன எண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் மலரின் மணத்தைப் பற்றி நிற்கும். முறையாக வைத்த சந்தன அத்தர் ஆண்டுகள் செல்ல முதிர்ந்து மென்மையுறும். எலுமிச்சை வகை எண்ணெய்கள் ஒட்சிசனால் விரைவிற் கெடும். பாதி ஒழிந்த சீசாவில் எண்ணெயோடு காற்றும் அடைபட்டிருக்குமாதலின், எஞ்சியதைச் சிறிய சீசாவுக்கு மாற்றி, தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடியால் இறுக அடைத்தல் வேண்டும். வெளிச்சத்தை முற்றாக விலக்கி, வெப்ப ஏற்றத்தாழ்வைத் தணிக்கும் கனத்த மரப்பெட்டகம் இதற்கு மிகவும் ஏற்றது.

அப்பெட்டகம் யாருடைய வீட்டில் இருந்தது? இப்பிரதேசத்தில் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வீடு சீதனமாக மகளுக்குச் செல்வதையும், மணமகன் அங்கு வந்து சேர்வதையும் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியுள்ளார். பள்ளிவாசலுக்கு அத்தர் பூசிச் செல்பவன் ஆண். அது இருக்கும் மனை பெண்ணுடையது. பூட்டி வைத்தல், மாற்றி ஊற்றுதல், கசிவு பார்த்தல் என்னும் வேலைகள் உழைப்பாகக் கணிக்கப்படவேயில்லை. (சீதனத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. பெண்ணைப் பெற்றோர் மீது வீடு கட்டும் பாரத்தை ஏற்றுவதும் அவ்வழக்கமே.) ஆயினும் மனை தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறியமையால், பெட்டகம் இடம்பெயராது நிலைக்க வழியிருந்தது.

அந்நிலைபேறே பின்னர் குலைந்தது. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கூரைகளைப் பறித்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரும், சில நாட்களின் பின் ஏறாவூர் மக்களும் படுகொலை செய்யப்பட்டனர். அவ்வாண்டில் வாவியின் இரு கரைகளிலும் தமிழரும் முஸ்லிம்களும் வீடுகளை விட்டு ஓடினர். 2004 டிசம்பர் 26 இல் கல்முனை, மருதமுனைக் கரையோர மனைகளைக் கடல் கொண்டது. சீசா தப்பிய வீட்டிலும், அது எந்தத் திருமணத்துக்கு வந்தது எனச் சொல்லவல்ல மூதாட்டி தப்பினாளா என்பது வேறு கேள்வி.

ஆதலால் களத்துக்குச் செல்லும் மாணவர், சீசாவைப் படம் பிடிக்குமுன் அதை வைத்திருந்தவளின் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும். வெறுஞ் சீசாவைத் துப்புரவாக்கும் எண்ணத்தோடு கழுவுதலும் தகாது. அடியில் ஒட்டிய பிசுக்கில் மணம் எஞ்சியிருக்கும்.