மூச்சு நோயில் ஓயும் கால்கள்: ஓர் அறிவியல் வரலாறு

முன்னுரை

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டால், மூச்சு வாங்குவதால் நின்றார் என்று நினைக்கிறோம். ஆனால் பலருக்கு மூச்சு முட்டும் முன்பே கால் ஓய்ந்துவிடுகிறது. மருத்துவம் இதை உணரத் தாமதமானது ஏன்? நுரையீரல் ஆய்வும் செல்லின் ஆற்றல் ஆய்வும் நெடுங்காலம் தனித்தனியே நடந்ததே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரு தடங்கள்

காற்றுப்பைகள் சிதைந்து உப்பும் எம்ஃபிசிமாவை பிரெஞ்சு மருத்துவர் லேன்னக் 1819ஆம் ஆண்டு நூலில் விவரித்தார். 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன், ஸ்பைரோமீட்டரால் மூச்சின் கொள்ளளவை அளந்து காட்டினார். பின்னாளில் ஊதித் தள்ளும் காற்றின் அளவே நோயின் கடுமைக்கு அளவுகோலானது.

மற்றத் தடமான செல்லின் ஆற்றல் ஆய்வில் சென்னைக்கும் உறவுண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, தசையின் ஆற்றல் சேமிப்பான பாஸ்போகிரியேட்டினை 1927இல் அறிவித்தார். 1929இல் இவர்களும் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனித்தனியே, செல் ஆற்றலுக்காகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபியைக் கண்டறிந்தனர். 1940களின் இறுதியில் ஆய்வாளர்கள் கென்னடியும் லெனிஞ்சரும் மைட்டோகாண்ட்ரியாவே செல்லின் ஆற்றல்கூடம் என்று நிறுவினர். அங்கே ஆக்சிஜனோடு முழுமையாக எரியும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு சுமார் 30 ஏடிபி தருகிறது. ஆக்சிஜன் இல்லாத வழியில் கிடைப்பது 2 ஏடிபியும் லாக்டிக் அமிலமும்தான்.

தடங்கள் கூடிய காலம்

1992இல் கனடாவின் கில்லியன் குழு, உடற்பயிற்சிச் சோதனையில் நோயாளிகளை நிறுத்தியது எது என்று கேட்டது. கணிசமானோர் கால் சோர்வைச் சொன்னார்கள். அதே நாட்டின் மால்டே குழு தொடைத்தசையில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் திறனைக் காட்டும் சிட்ரேட் சின்தேஸ் நொதி அதில் குறைந்திருந்தது. காந்த அதிர்வு நிறமாலை ஆய்வுகளில், சுப்பாராவ் கண்ட அதே பாஸ்போகிரியேட்டின் நோயாளிகளின் தசையில் விரைவில் தீர்ந்து, மெல்லவே மீண்டது.

விளைவு ஒரு சுழல். மைட்டோகாண்ட்ரியா தளர்ந்தால் சிறு நடைக்கே லாக்டிக் அமிலம் ஊறுகிறது. அதைச் சமன்செய்யும்போது உண்டாகும் கூடுதல் கார்பன் டை ஆக்சைடை, ஏற்கெனவே திணறும் நுரையீரல்தான் வெளியேற்ற வேண்டும். மூச்சு இன்னும் முட்டுகிறது. நோயாளி நடையைக் குறைக்கிறார். தசை மேலும் தளர்கிறது.

தசை தளர ஆக்சிஜன் குறைவு மட்டுமா காரணம்? 1997இல் லெவின் குழு கடும் நோயாளிகளின் மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தை ஆராய்ந்தது. சோர்வைத் தாங்கும் மெதுவகை இழைகள் அங்கே கூடியிருந்தன. தொடையிலோ அவை குறைகின்றன. இரண்டுக்கும் பாய்வது ஒரே இரத்தம். உதரவிதானம் இரவு பகலாக உழைக்கிறது. தொடை முடங்கிக் கிடக்கிறது. அழற்சிக்கும் புகைக்கும் பங்கிருந்தாலும், உழைப்பின்மையை ஒதுக்க முடியாது.

முடிவுரை

மால்டே குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரப் பயிற்சிக்குப் பின் தசையின் நொதித்திறன் உயர்ந்தது. அதே உழைப்புக்கு ஊறும் லாக்டிக் அமிலம் குறைந்தது. சிதைந்த காற்றுப்பைகளை மீட்க முடியாது. தளர்ந்த தொடையை மீட்க முடியும். ஆகவே, மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் நடைப் பயிற்சியை மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும். மூச்சு வாங்குபவரிடம் அன்போடு நாம் சொல்லும் “பேசாமல் உட்காருங்கள்” என்ற சொல், அவர் கால்களில் எஞ்சியிருக்கும் வலுவையும் கரைத்துவிடும்.