இலத்தீன் வார்ப்பும் ஆங்கில வாக்கியமும்

ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் அதன் அமைப்பினையும் தாமே நன்கறிவர் என்று கருதுதல் இயல்பு. ஆயின், பேசுதல் வேறு. பேசுவதன் அமைதியை ஆராய்ந்து விதியாக எடுத்துரைத்தல் வேறு. ஆங்கிலேயர் தம் மொழிக்கு இலக்கண நூல் செய்யத் தொடங்கியது 16 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆகும். அதன் பின்னரும் நெடுங்காலம் அவர்கள் தம் மொழியைத் தம் கண்ணாற் காணாது இலத்தீனின் கண்ணாற் கண்டனர். அதனால் ஆங்கில வாக்கியத்தின் உயிர்நிலை எதுவோ அது பின்தள்ளப்பட்டது. அம்மொழிக்குப் புறம்பான சில விதிகள் முன்னிடம் பெற்றன. இப்பிறழ்ச்சி எங்ஙனம் நேர்ந்தது, எவ்வாறு திருந்திற்று என்பது ஆங்கிலம் கற்போரும் கற்பிப்போரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

கி. பி. 5 ஆம் நூற்றாண்டளவில் வடகடலுக்கு அப்பாலிருந்து பிரித்தானியாவிற் குடியேறிய ஆங்கிலர், சாக்சனியர் முதலிய செர்மானியக் குலத்தாரின் மொழியே பழைய ஆங்கிலம். அது வேற்றுமை உருபுகள் நிறைந்த மொழி. 'அரசன்' என்னும் பொருளுடைய 'குனிங்' என்ற பெயர் எழுவாயாக நிற்குமிடத்து 'ஸே குனிங்' என்றும், செயப்படுபொருளாக நிற்குமிடத்து 'தொனே குனிங்' என்றும் வரும். பெயருக்கு முன்னின்ற சுட்டுச் சொல்லே வேற்றுமையைக் காட்டி நின்றது. ஆதலின் சொற்களை முன்பின்னாக மாற்றி வைப்பினும் கண்டவன் யார், காணப்பட்டவன் யார் என்பதில் ஐயம் எழவில்லை. 'அரசன் குருவைக் கண்டான்' என்றாலும் 'குருவை அரசன் கண்டான்' என்றாலும் தமிழிற் பொருள் மாறாமை போன்றதே இது.

இந்நிலை நெடிது நீடிக்கவில்லை. செர்மானிய மொழிகளிற் சொல்லின் முதலசை அழுத்தம் பெறுவது வழக்கம். அதனால் இறுதியசை நலிவடையும். 9 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வடபுலத்தாரின் மொழி பழைய ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடையது. அடிச்சொற்கள் பல ஒத்திருந்தன, விகுதிகளே வேறுபட்டன. இரு சாராரும் கலந்து வாழ்ந்தமை அவ்விகுதிகளின் அழிவை விரைவுபடுத்திற்று என்பர் மொழியறிஞர். 1066 ஆம் ஆண்டு நோர்மானியர் நாட்டைக் கைப்பற்றியபின் அரசவையில் பிரெஞ்சும், திருச்சபையிலும் கல்வியிலும் இலத்தீனும் ஓங்கின. ஆங்கிலம் எழுத்து மரபின் காவலை இழந்தது. பீற்றர்பரோ மடத்திற் பேணப்பட்ட ஆண்டுக் குறிப்பேடு 1154 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு முடிவடைகின்றது. அதன் இறுதிப் பகுதிகளைப் படிப்போர், பழைய உருபுகள் உதிர்ந்து கொண்டிருந்தமையைக் கண்கூடாகக் காணலாம்.

உருபுகள் ஒழிந்தபின் அவற்றின் தொழிலை வேறு எது செய்தது? சொற்கள் நிற்கும் முறையே அத்தொழிலை ஏற்றது. 'த கிங் சோ த பிஷப்' என்னும் வாக்கியத்தில் அரசனே கண்டவன். 'த பிஷப் சோ த கிங்' என்று மாற்றினால் கண்டவர் குருவாகிவிடுவார். சொல்லில் ஒரெழுத்தும் மாறவில்லை. இடம் மாறியது, பொருளும் மாறியது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் இவ்வரிசையே ஆங்கில வாக்கியத்தின் முதுகெலும்பாயிற்று. எஞ்சிய வேற்றுமைப் பொருள்களுட் பலவற்றை 'ஒவ்', 'ரு', 'வித்' முதலிய முன்னிடைச் சொற்கள் உணர்த்தின. 'ஹீ', 'ஹிம்' என்பன போன்ற பிரதிப் பெயர்களில் பழைய உருபுகளின் சுவடு எஞ்சியது.

எழுவாயின் இடம் இத்துணை இன்றியமையாததாகவே, எழுவாய் இல்லாத இடத்திலும் ஒன்றை வைத்து நிரப்பும் வழக்கம் வலுப்பட்டது. 'இற் இஸ் றெயினிங்' என்பதில் 'இற்' என்பது எப்பொருளையும் சுட்டுவதன்று. இடத்தை நிரப்புவதே அதன் பணி. அவ்வாறே வினாவில் 'டூ' என்னும் துணைவினை நுழைந்தமையும் கருதத்தக்கது. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'நோ யூ' என்றும் 'டூ யூ நோ' என்றும் இருவகையாகவும் வினவினர். பின்னையது நிலைபெறவே, வினாவிலும் எழுவாய் முதன்மை வினைக்கு முன்னே நிற்கும் ஒழுங்கு காக்கப்பட்டது.

இத்தகைய மொழிக்கு இலக்கணம் செய்யப் புகுந்தோர் இவ்வரிசை முறையை முதலிற் கூறியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் அவர்கள் பெற்ற கல்வியே. அக்கால இங்கிலாந்தில் இலக்கணம் எனின் இலத்தீன் இலக்கணமே. வில்லியம் லிலியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணத்தையே பாடசாலைகளிற் பயிற்றுதல் வேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னன் 1540களில் ஆணையிட்டான். அந்நூலை அடியொற்றி வில்லியம் புல்லோக்கர் 1586 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலே முதல் ஆங்கில இலக்கணமாகக் கொள்ளப்படுகின்றது. ஆங்கிலமும் விதிக்குட்பட்ட மொழியே என்று நிறுவுதல் அவர் நோக்கம். அந்நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் இலத்தீனுக்குரிய பாகுபாடுகள் தன்னிடத்தும் உள்ளன என்று காட்டினாலன்றி ஆங்கிலம் மதிப்புப் பெறாது என்னும் தாழ்வுணர்ச்சி அதனுள் மறைந்து கிடந்தது.

இது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய மயக்கமன்று. அதே 16 ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார், தமிழுக்கு இலத்தீன் முறையைத் தழுவி இலக்கணம் எழுதினார். அதற்கு முன்னரே, 11 ஆம் நூற்றாண்டில், வீரசோழியம் தமிழை வடமொழி இலக்கண நெறியோடு பொருத்தி நோக்கிற்று. மதிப்புப் பெற்றதொரு மொழியின் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு பிறிதொரு மொழியை அளத்தல் பல நாட்டிலும் நிகழ்ந்ததொன்றே.

இம்மயக்கத்தை முதலில் உணர்ந்தவர்களுள் ஜோன் வாலிஸ் என்பார் தலைசிறந்தவர். அவர் ஒக்ஸ்போட் பல்கலைக் கழகத்திற் கேத்திர கணிதப் பேராசிரியராய் விளங்கியவர். 1653 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆங்கில இலக்கணம், பிறநாட்டாருக்கும் பயன்படும் பொருட்டு இலத்தீன் மொழியிலேயே எழுதப்பட்டது. ஆயினும் தமக்கு முன்னிருந்தோர் ஆங்கிலத்தை இலத்தீன் சட்டத்துள் வலிந்து புகுத்தினர் என்று குறைகூறியவர் அவரே. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு இலத்தீன் போன்ற வேற்றுமை விகற்பங்கள் இல்லை. முன்னிடைச் சொற்களே அப்பணியைச் செய்கின்றன என்று அவர் தெளிவுற உரைத்தார். இலத்தீனில் எழுதிய ஒருவரே இலத்தீனின் பிடியிலிருந்து ஆங்கிலத்தை விடுவிக்க முயன்றமை வியப்புக்குரியது.

எனினும் 18 ஆம் நூற்றாண்டு அவர் காட்டிய வழியை முற்றும் பின்பற்றவில்லை. மொழியைத் திருத்தி நிலைநிறுத்துதல் வேண்டும் என்னும் வேட்கை அந்நூற்றாண்டில் மிக்கெழுந்தது. 1712 ஆம் ஆண்டில் ஜொனதன் ஸ்விப்ற் அதற்கென ஒரு கழகம் நிறுவ வேண்டுமென முன்மொழிந்தார். சாமுவேல் ஜோன்சன் 1755 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பேரகராதியின் முகப்பில் ஓர் இலக்கணமும் சேர்த்தார். அதனுள் வாக்கிய அமைப்புக்கு அவர் ஒதுக்கியது சில வரிகளே. ஆங்கிலத்தில் விகுதி வேறுபாடுகள் மிகச் சிலவாதலின் வாக்கியவியல் பற்றிக் கூறுதற்கு அதிகம் இல்லை என்பது அவர் கருத்து. எந்த மொழியில் வாக்கிய வரிசையே எல்லாமாக நிற்கின்றதோ, அந்த மொழியைப் பற்றியே இக்கூற்று எழுந்தது. பேரறிஞர் ஒருவரையும் இலத்தீன் வார்ப்பு எங்ஙனம் கட்டியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஜோன்சனுக்குப் பின் ஓராண்டு இடைவெளியில் இரு நூல்கள் தோன்றின. பிற்காலத்தில் ஒட்சிசன் பற்றிய ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ஜோசப் பிறீஸ்ற்லி 1761 ஆம் ஆண்டில் ஓர் இலக்கணம் வெளியிட்டார். மக்கள் வழக்கே மொழிக்கு நீதிபதி என்பது அவர் கொள்கை. 1762 ஆம் ஆண்டில் றொபேட் லௌத் என்பார் தம் பெயர் குறியாது மற்றொரு நூல் வெளியிட்டார். ஒக்ஸ்போட்டிற் கவிதைப் பேராசிரியராயிருந்து பின்னர் இலண்டன் மேற்றிராணியாரான அவர், ஷேக்ஸ்பியர், மில்ற்றன் முதலிய பேராசிரியர்களின் வாக்கியங்களையே அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டி வழுவென்று சுட்டினார். இலக்கியம் கண்டே இலக்கணம் காணுதல் வேண்டும் என்பது தமிழ் நூலோர் துணிபு. இங்கோ இலக்கணத்தின் முன் இலக்கியம் குற்றவாளியாய் நிறுத்தப்பட்டது.

லௌத்துக்கு நீதி செய்வதும் கடனாகும். வாக்கியத்தை முன்னிடைச் சொல்லால் முடித்தல் ஆகாது என்ற விதியை அவரே விதித்தார் எனப் பலர் எழுதுவர். 1672 ஆம் ஆண்டிலேயே ஜோன் ட்றைடன் அவ்வழக்கைப் பென் ஜோன்சனிடத்துக் குற்றமாகக் கண்டார். பின்னர்த் தம் உரைநடையிலும் அதனைத் தேடித் திருத்தினார். லௌத் அதனைத் தடுத்தாரல்லர். அது ஆங்கிலத்தின் இயல்பென ஒப்புக்கொண்டு, உயர்நடைக்குப் பொருந்தாதென்றே கூறினார். அவ்வாறு கூறிய வாக்கியத்தையே ஒரு முன்னிடைச் சொல்லால் முடித்தார். இரட்டை எதிர்மறை பற்றிய விதியோ வேறு. இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகும் என்று அவர் நூலின் பிந்திய பதிப்பு உரைத்தது. சோசர் காலத்துப் பழைய வழக்கில் எதிர்மறைகள் அடுக்கி வருவது எதிர்மறைப் பொருளை வலியுறுத்தற்கேயாம். கணிதத்துக்குரிய நியாயம் மொழிமேல் ஏற்றப்பட்டதால், உழவரும் தொழிலாளரும் தம் முன்னோரிடமிருந்து பெற்ற பேச்சு கல்லாமையின் அடையாளமாயிற்று.

இவ்விதிகளைப் பாடசாலை தோறும் கொண்டு சென்றவர் லின்ட்லி மறே. அமெரிக்காவிற் பிறந்து வழக்கறிஞராயிருந்த இவர், உடல்நலம் குன்றியமையால் இங்கிலாந்தை அடைந்து யோர்க் நகரின் அருகே வாழ்ந்தார். அங்கிருந்த பெண்பாடசாலை ஆசிரியைகளின் வேண்டுகோளுக்கிணங்கி 1795 ஆம் ஆண்டில் அவர் தொகுத்த இலக்கணம், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்ணிறந்த பதிப்புக்களைக் கண்டது. விதியை மனனஞ் செய்தல், வழுவாக்கியத்தைத் திருத்தல், ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணங் கூறல் என்னும் பயிற்சி முறை வேரூன்றியது. பிற்காலத்தில் இந்தியாவிற் கல்வி அதிகாரியாயிருந்த நெஸ்பீல்ட் என்பாரின் இலக்கண வரிசை அம்முறையைக் கீழைத்தேய மாணவருக்கும் வழங்கிற்று.

சொல்லை விடுத்து வாக்கியம் முழுவதையும் நோக்கும் முறை 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான் பாடசாலையுட் புகுந்தது. பெக்கர் என்னும் செர்மானிய இலக்கண ஆசிரியரைத் தழுவி மொறெல் என்பார் 1852 ஆம் ஆண்டில் வாக்கியப் பாகுபாடு பற்றிய நூலை இங்கிலாந்தில் வெளியிட்டார். 1877 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆசிரியர்களான றீட், கெலொக் என்னும் இருவர் வாக்கியத்தைக் கோடுகளால் வரைந்து காட்டும் முறையைப் பரப்பினர். கிடைக்கோட்டில் எழுவாயும் பயனிலையும் நிற்க, அடைகள் சாய்கோட்டிற் கீழே தொங்கும். எச்சொல் எதனைச் சார்ந்தது என்பதை மாணவன் கண்ணாற் கண்டான்.

இருபதாம் நூற்றாண்டை ஒட்டி விடுதலை கிட்டிற்று. ஹென்றி ஸ்வீற் 1892, 1898 ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்ட இலக்கணமும், டென்மார்க் நாட்டினரான ஒட்டோ யெஸ்பேர்சன் 1909 முதல் 1949 வரை வெளிவந்த ஏழு பாகங்களில் யாத்த பேரிலக்கணமும் ஆங்கிலத்தை உள்ளவாறே விவரித்தன. 1952 ஆம் ஆண்டில் சாள்ஸ் பிறீஸ் என்னும் அமெரிக்கர், ஏறக்குறைய 50 மணிநேரத் தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்து, ஒரு சொல் வாக்கியத்தில் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைக் கொண்டே அதன் வகையைத் துணிந்தார். ஜோன்சன் சில வரிகளோடு விட்ட வரிசை முறை இங்கு முதலிடம் பெற்றது. 1957 ஆம் ஆண்டில் நோம் சொம்ஸ்கி, முன் கேட்டறியாத வாக்கியங்களை மனிதன் ஆக்கவும் அறியவும் வல்லனாதல் எங்ஙனம் என்னும் வினாவை எழுப்பினார். 1959 ஆம் ஆண்டில் றண்டொல்ப் குவேர்க் தொடங்கிய ஆங்கில வழக்காய்வின் துணையோடு 1985 ஆம் ஆண்டிற் பேரிலக்கணம் ஒன்று வெளிவந்தது. 2002 ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் பல்கலைக் கழகப் பேரிலக்கணம் அதனைத் தொடர்ந்தது.

அங்ஙனமாயின் பழைய இலக்கண ஆசிரியர் உழைப்பு வீணோ எனின், அன்று. பல வட்டார வழக்குகளாற் பிரிந்து கிடந்த ஒரு மொழிக்கு எல்லாருக்கும் பொதுவான எழுத்து நடையை நிலைநிறுத்த அவர்கள் உதவினர். கற்பதற்கு ஓர் ஒழுங்கும் தந்தனர். அவர்கள் செய்த பிழை, மொழியின் எலும்பையும் அதன் ஆடையையும் வேறுபிரித்துக் காணாமையே. எழுவாய் வினைக்கு முன் நிற்றல் எலும்பு; அதனை மாற்றினால் வாக்கியமே சிதையும். முன்னிடைச் சொல்லால் வாக்கியத்தை முடியாமை ஆடை; அது இடமறிந்து பேணும் மரியாதை மாத்திரமே.

இவ்வேறுபாடு தமிழ் மாணவனுக்குப் பெரிதும் பயன்படுவது. அவன் மொழியில் உருபு பொருளைக் காக்கின்றது; வினை இறுதியில் நிற்கின்றது; வினைவிகுதியே எழுவாயைக் காட்டுதலால் 'வந்தேன்' என்ற ஒரு சொல்லே வாக்கியமாகின்றது; 'நேற்று வந்த மனிதன்' என அடைமொழி பெயருக்கு முன் வருகின்றது. ஆங்கிலத்திலோ இவற்றுள் ஒன்றும் அவ்வாறில்லை. அவன் எழுதும் ஆங்கிலத்திற் காணும் பிழைகளுட் பல அறியாமையாற் பிறந்தன அல்ல. ஒரு மொழியின் ஒழுங்கைப் பிறிதொரு மொழியில் எதிர்பார்த்தமையாற் பிறந்தன. புல்லோக்கர் காலந்தொட்டு ஆங்கிலேய அறிஞர் இடறிய இடத்திலேயே அம்மாணவனும் இடறுகின்றான். அவர்கள் எழ முந்நூறு ஆண்டுகள் சென்றன. இரு மொழிகளின் அமைதியையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியர் வாய்ப்பின், அவன் எழுதற்குச் சில ஆண்டுகளே போதும்.