அரிவாள், கத்திக்கு இருபுறமும் ஒரே சரிவு: பெல்ட் கிரைண்டருக்கு நாமே ஜிக் செய்யலாம்

கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அரிவாள் இல்லாத நாள் கிடையாது. மட்டை கழிக்க, இளநீர் சீவ, விறகு பிளக்க என்று ஒரே அரிவாள் எல்லாவற்றுக்கும் போகும். வாய் மழுங்கினால் சைக்கிளில் சாணை பிடிப்பவர் வரும்வரை காத்திருக்கிறோம், அல்லது பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வாங்குகிறோம். அங்கேதான் பல நல்ல அரிவாள்கள் கெடுகின்றன. கையில் பிடித்துத் தேய்க்கும்போது சரிவு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழுகிறது. அப்படிப்பட்ட அரிவாள் வெட்டும்போது நேராக இறங்காமல் ஒரு பக்கமாக இழுக்கும். காலில் வெட்டு விழ அதுவே போதும்.

இதற்குத் தீர்வு, கத்தியை ஒரே சாய்வில் பிடித்துக்கொள்ளும் ஒரு தாங்கி. இதைத்தான் ஜிக் என்கிறார்கள். தட்டையான பெல்ட் கிரைண்டர் உள்ள எந்தப் பட்டறையிலும் இதை வைத்து வேலை செய்யலாம். பழைய அரிவாளுக்கும் ஆகும், புதிதாகக் கத்தி செய்பவருக்கும் ஆகும்.

தேவையான பொருள்கள்

6 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டில் மூன்று துண்டுகள். மூன்றும் 250 மி.மீ. நீளம். அடித்தகடு 75 மி.மீ. அகலம், நிற்கும் தகடும் முன் தகடும் 110 மி.மீ. உயரம். ஆட்டமில்லாத 4 அங்குலக் கதவுக் கீல் ஒன்று. 8 மி.மீ. கனமுள்ள, 50 மி.மீ. நீளமுள்ள போல்ட்டும் நட்டும். சி கிளாம்ப் ஒன்று. பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு. கீலை மட்டும் கடையில் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். கீல் ஆடினால் ஜிக்கும் ஆடும், பிறகு எவ்வளவு அளந்தும் பயனில்லை.

செய்யும் முறை

அடித்தகட்டின் மேல் நிற்கும் தகட்டை மூலைமட்டம் வைத்து 'எல்' வடிவில் பற்றவையுங்கள். நிற்கும் தகட்டின் அடிப்பகுதியில் கீலைப் பொருத்தி, அதன் மறு இதழில் முன் தகட்டை மாட்டுங்கள். இப்போது முன் தகடு கீழே கீலில் நின்று, மேலே பெல்ட்டை நோக்கிச் சாயும்.

கீலின் ஆணி மையத்திலிருந்து சரியாக 72 மி.மீ. மேலே, நிற்கும் தகட்டில் துளை போட்டு, பின்பக்கம் நட்டைப் பற்றவையுங்கள். அதில் போல்ட்டைத் திருகினால் அது முன் தகட்டைத் தள்ளும். 72 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண 8 மி.மீ. போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். 72 மி.மீ. தூரத்தில் அது ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்வு. போல்ட்டைச் சுற்றி எண்ணினாலே டிகிரி தெரிந்துவிடும், தனிக் கருவி வேண்டாம்.

இரண்டு தகடுகளுக்கும் இடையே மேலும் கீழும் இடைவெளி ஒன்றாக இருக்கும்போது போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வையுங்கள். அதுதான் பூஜ்யம். முன் தகடு போல்ட்டைவிட்டு விலகாமலிருக்க இரண்டையும் டியூப்பால் சுற்றி இழுத்துக் கட்டுங்கள்.

கத்தியின் முதுகு உட்கார, முன் தகட்டில் இரண்டு சிறு ஆணிகளை ஒரே மட்டத்தில் பொருத்துங்கள். கத்தியைப் புரட்டிப் போட்டாலும் அதே உயரத்தில் நிற்க இதுதான் உதவும். கத்தியின் வாய், தகட்டின் மேல் விளிம்பைவிட 5 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் பெல்ட் தகட்டையும் சேர்த்துத் தின்னும். கைப்பிடிக்குள் போகும் பகுதியைத் தகட்டின் ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மறுபக்கம் தேய்க்கும்போது கிளாம்ப் எதிர் ஓரத்துக்கு மாறும்.

எத்தனை சுற்று?

லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்த 5 மி.மீ. கனமுள்ள கத்தி என்று வைத்துக்கொள்வோம். வாயில் அரை மி.மீ. கனம் விட்டுவிட வேண்டும். தேங்காய், விறகு வெட்டுவதற்குச் சரிவு 15 மி.மீ. உயரம் போதும், எட்டரை சுற்று. பொது வேலைக்கு 20 மி.மீ.; ஆறரை சுற்று. வாழை, புல் போன்ற மென்மையானவற்றுக்கு 25 மி.மீ.; ஐந்து சுற்று. மெல்லிய சரிவு வைத்த கத்தியால் விறகை வெட்டினால் வாய் சிதறும். அதனால் எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்ற பழக்கத்தை விடுவது நல்லது.

தேய்க்கும் முன் கத்தியின் வாயில் மார்க்கர் பூசி, 5 மி.மீ. டிரில் பிட்டைக் கத்தியோடு சேர்த்து மேசையில் படுக்க வைத்து அதன் முனையால் கீறுங்கள். நடுக்கோடு விழும். இருபுறமும் அந்தக் கோட்டை நோக்கி வந்து, கால் மி.மீ. மீதமிருக்கையில் நிறுத்துங்கள்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது, இந்த ஜிக்கில் வாய் மேல்நோக்கி நிற்கும், பெல்ட் கீழ்நோக்கி ஓடும். கூரான வாயை இப்படி வைத்தால் அது பெல்ட்டில் குத்தி, பெல்ட் கிழிந்து கத்தி வீசப்படும். எனவே பழைய அரிவாளாக இருந்தால் முதலில் அரத்தால் வாயை மழுங்கத் தேயுங்கள். ஜிக் சரிவு அமைப்பதற்கு மட்டும். கடைசிக் கூரைச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் ஏற்றுங்கள்.

இரண்டாவது சூடு. அரிவாளுக்குத் துவைச்சல் கொடுத்த இரும்பு வைக்கோல் நிறமாக மாறும்போது சுமார் 220 டிகிரி செல்சியஸ். நீலமாக மாறினால் சுமார் 300. அந்த இடம் இளகிவிட்டது என்று பொருள். எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. நீலத்தை மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தால் நமக்குத் தெரியவும் தெரியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். வெறுங்கையால் தொட முடியாத சூடு வந்தாலே அதிகம். வாய் மெலிய மெலிய சூடு வேகமாக ஏறும்.

1440 சுற்று மோட்டாரில் 100 மி.மீ. புல்லி போட்டால் பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 450 மீட்டர் ஓடும். புதியவர்களுக்கு இது போதும். 2880 சுற்று மோட்டார் என்றால் வேகமும் சூடும் கூடும். முதலில் 60 நம்பர் பெல்ட், பிறகு 120, கடைசியில் 220. தேய்ந்த பெல்ட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம். அது வெட்டாது, சூடுதான் ஏற்றும்.

தாங்கும் மேடைக்கும் பெல்ட்டுக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். தோளில் துண்டு, தொங்கும் கைலி கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். வைக்கோல்போர் பக்கம் மெஷினை வைக்கவே வைக்காதீர்கள். பொறி பறக்கும் தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

எதற்கு உதவாது?

வளைந்த அரிவாளின் உட்புறம் தட்டையான பெல்ட்டில் படாது. நேரான பகுதியை ஜிக்கிலும், கொக்கியை அரை வட்ட அரத்திலும் செய்யுங்கள். பல் வைத்த கதிர் அரிவாளை இதில் வைத்தால் பல் போய்விடும். புதிதாகச் செய்த கத்திக்குத் துவைச்சல் கொடுப்பதைக் கொல்லரிடம் விடுங்கள். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர் வாங்கியது உலைக்களத்தில்தான். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் முக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் விரிசல் விடலாம். சரிவு அமைத்த பிறகு, கூர் ஏற்றும் முன் துவைச்சல் கொடுக்க வேண்டும்.

சொந்த விவசாய வேலைக்குச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டறைகள் அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்துவைக்க வேண்டுமென்று 2021-இல் தமிழகக் காவல்துறை அறிவுறுத்தியது. ஊரில் யாராவது செய்து தரச் சொல்லிக் கேட்டால், ஜிக்கை இரவல் கொடுங்கள், கத்தியை அல்ல.