லயத்தில் வாசிக்கப்பட்ட கதைகள்: மலையக நாவலும் அதன் வாசகரும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நாவல் வாசிப்பின் வரலாற்றை ஆராய முற்படுவோர், வாசகர் என்றதும் மனத்தில் எழும் தனித்த, மௌனமான உருவத்தை முதலில் விலக்கி வைக்க வேண்டியுள்ளது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1860களின் இறுதியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலராகவே இருந்தனர். ஆனால் கதையறிந்தோர் அவர்களிடையே குறைவாக இருக்கவில்லை. பொன்னர் சங்கர் கதை, காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு ஆகியவற்றை அவர்கள் தம்முடன் கொண்டுவந்தனர். ஒருவர் பாடவோ படிக்கவோ பலர் சூழ்ந்திருந்து கேட்கும் பழக்கமும் அவற்றோடு மலையேறியது. பின்னாளில் இங்கு அச்சு நூல் வந்து சேர்ந்தபோது, இந்தக் கேட்கும் கூட்டமே அதன் முதல் வாசகராயிற்று.

மலைநாட்டு உழைப்பைப் பொருளாகக் கொண்ட தமிழ் அச்சு நூல்களுள் காலத்தால் முற்பட்ட ஒன்று தொழில் கற்பிக்கும் கைநூல் என்பது கவனத்திற்குரியது. ஆபிரகாம் ஜோசப் 1869ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி' கோப்பிப் பயிர்ச்செய்கையின் படிமுறைகளைக் கும்மி மெட்டில் சொல்லித் தருகிறது. தோட்ட நிருவாகத்தின் பார்வையே அதன் பார்வையாகும். எழுத்தறியாத தொழிலாளர் பாடிப் பழகி வேலையைக் கற்க வேண்டும் என்ற நோக்கம் அதன் வடிவத்திலேயே புலப்படுகிறது. அதே ஆண்டில்தான் கோப்பியிலை நோய் இத்தீவில் கண்டறியப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் அந்நூல் கற்பித்த தொழில் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. எனினும் பாட்டின் வழியே அச்சு நூலைத் தோட்டத்துக்குள் கொண்டுசெல்லலாம் என்ற வழிமுறை அழியவில்லை. எழுபதாண்டுகளுக்குப் பின்னர் அதே வழிமுறை முற்றிலும் எதிரான நோக்கத்துக்காகப் பயன்படுத்தப்பட்டது.

அவ்வாறு பயன்படுத்தியோர் கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாருமாவர். தஞ்சையிலிருந்து வந்து, வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாகச் சென்று நிலைமையை நேரிற் கண்டறிந்த நடேசய்யர், 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளைத் தொடங்கினார். 1930களில் ஹட்டனை மையமாகக் கொண்டு தொழிற்சங்கத்தையும் கட்டியெழுப்பினார். மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடிய அரசியற் பாடல்கள் 1940இல் சிறுநூலாக வெளிவந்தன. மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைந்தமையால், நூலைக் கையில் எடுக்காதவரையும் அவை சென்றடைந்தன. இதே நடேசய்யர் 1924ஆம் ஆண்டில் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்' என்னும் துப்பறியும் நாவலையும் வெளியிட்டார் என்பதை ஆய்வாளர் பலர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். அது அவ்வளவு எளிதாகக் கடக்கத்தக்கதன்று. தொழிலாளரின் விடுதலைக்காகப் பேசிய ஒருவர், மக்களுக்குப் பொழுதுபோக்காகக் கதை வாசிக்கும் உரிமையும் உண்டு எனக் கருதியதற்கு அது சான்றாகிறது. பிற்கால விமர்சனம் இந்த உரிமையை மலையக வாசகருக்கு எப்போதும் மனமுவந்து வழங்கியதாகத் தெரியவில்லை.

1930இல் 'வீரகேசரி'யும் 1932இல் 'தினகரன்' இதழும் தொடங்கப்பெற்ற பின்னர், தோட்டங்களுக்குள் கதை சென்ற பாதை பெரும்பாலும் நாளிதழின் பாதையாகவே இருந்தது. லயம் எனப்படும் வரிசை வீட்டில், ஏறத்தாழ 10க்கு 12 அடி கொண்ட ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த நிலையில், புத்தகம் சேர்க்கவோ விளக்கொளியில் நெடுநேரம் படிக்கவோ இடமிருக்கவில்லை. அதிகாலையில் பெரட்டுக்களத்தில், அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்காகத் தொழிலாளர் கூடும் இடத்தில், பெயர் பதிந்து மாலைவரை மலையேறி இறங்கும் பெண்களுக்கு, வீடு திரும்பிய பின்னும் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருந்தன. ஆகவே வாசிப்பு முதலில் வேரூன்றியது தோட்டப் பாடசாலை ஆசிரியர், வேலையையும் பேரையும் பதிவுசெய்யும் கணக்கப்பிள்ளை, காரியாலய எழுதுவினைஞர், மருந்தகப் பணியாளர், தொழிற்சங்க மாவட்டப் பிரதிநிதி ஆகியோரடங்கிய சிறு வட்டத்திலேயாகும். மலையக நாவலாசிரியர் பலரும் இவ்வட்டத்திலிருந்தோ இதன் அயலிலிருந்தோ தோன்றினர். நாவலின் வடிவமும் இதனாற் பாதிக்கப்பட்டது: வாரந்தோறும் ஒரு பகுதியாக வெளிவருவதற்கென எழுதப்பட்டவற்றில் அத்தியாயம் சிறியதாகவும், இறுதியில் ஒரு திருப்பத்தை வைப்பதாகவும் அமைந்தது; நிதானமான வருணனைக்கு இடம் சுருங்கிற்று.

1964ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', நந்தி என்னும் புனைபெயரில் எழுதிய மருத்துவர் செ. சிவஞானசுந்தரத்தின் 'மலைக்கொழுந்து' ஆகிய இரு நாவல்களும் அவ்வாண்டில் நூலாயின. அதே ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்கும் என முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு பின்னாளுக்குத் தள்ளப்பட்டது. தம்மைப் பற்றிய முதற்பெரும் நாவல்கள் வெளிவந்த ஆண்டிலேயே அம்மக்கள் தம்மைக் கேளாமற் பங்கிடப்பட்டனர். இவ்விரு நாவல்களுள், தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து சேரும் பெண்ணொருத்தியின் வாழ்வைத் தொடரும் 'தூரத்துப் பச்சை'யே இன்று மீள வாசிக்கும்போது உறுதியாக நிற்கிறது. குடிபெயர்வு என்னும் பெருநிகழ்வை அது பெண்ணின் உடல், உழைப்பு, திருமணம், தாய்மை ஆகியவற்றின் வழியே காட்டுகிறது. 'மலைக்கொழுந்து' பரிவு நிறைந்த படைப்பெனினும், அதன் பரிவு மருத்துவர் நோயாளியை நோக்கும் பரிவின் சாயலைக் கொண்டுள்ளது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த யோ. பெனடிக்ற் பாலன் மலைநாட்டில் ஆசிரியராக இருந்த அனுபவத்தோடு 1968இல் வெளியிட்ட 'சொந்தக்காரன்', உரிமைக் கோரிக்கையைப் பெயரிலேயே தாங்கிய நாவலாகும். அதன் அரசியல் நேர்மை மறுக்க முடியாதது. ஆயினும் பாத்திரங்கள் சில இடங்களில் ஆசிரியரின் வாதத்தைச் சுமக்கும் பொறுப்பிலிருந்து விடுபடவில்லை.

இக்காலத்தில் புனைகதையை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு மதிப்பிடுவது என்பதைக் கற்பித்த நூல்களும் மலைநாட்டு இளைஞரின் கைக்கு வந்தன. கா. சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' 1967இலும், க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இலும் வெளிவந்தன. இவை எழுதும் முறையை விதிகளாக வகுத்துத் தரும் கைநூல்கள் அல்ல. கதை எந்தச் சமூகச் சூழலில் பிறக்கிறது, யாருடைய வாழ்வைப் பேசுகிறது என்று வினவப் பழக்கிய நூல்கள். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்களிடம் பயின்ற தலைமுறை இவ்வினாக்களை வகுப்பறையிலும் வெளியிலும் விவாதித்தது. பொருளுக்கு முதன்மை தந்த அவ்விமர்சன மரபு மலையக எழுத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது. எனினும், துயரத்தைச் சொன்னாலே போதும், அதைச் செவ்வையாகச் சொன்னார்களா என்று பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற தளர்வையும் அது ஓரளவு வளர்த்துவிட்டது. அத்தளர்வினால் இழப்படைந்தது மலையக நாவலே.

மலையக மண்ணிலேயே பிறந்தோர் எழுதத் தொடங்கியபோது இந்நிலை மாறிற்று. 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் 'வீரகேசரி'யும் நடத்திய சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாயின. 'வீரகேசரி'யில் தோட்ட மக்களுக்கான பகுதியைப் பேணிய எஸ்.எம். கார்மேகத்தின் உழைப்பு இதில் பெரியது. 1970களில் இந்திய இதழ்கள், நூல்கள் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பும் வகையில் வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலை நாவல்களை வெளியிட்டன. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் அவ்வரிசையில் வந்தது. பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் பணியாற்றி, அதன் பெயரையே தன் பெயருக்கு முன்னொட்டாக்கிக்கொண்ட ஜோசப், தோட்டத்தின் அதிகாரப் படிநிலையை வெளியாரைவிட நுட்பமாக அறிந்திருந்தார். ஆட்களைச் சேர்த்து மேற்பார்வை செய்யும் கங்காணி, கணக்கப்பிள்ளை, தோட்டத்துரை என்போர் அவருடைய புனைவில் வெறும் கொடியோராக நிற்பதில்லை. தமக்கு மேலிருப்பவரை அஞ்சியும் கீழிருப்பவரை அடக்கியும் வாழும் மனிதராக அசைகின்றனர்.

நாவலை உரைத்துப் பார்க்க மலையக வாசகரிடம் ஒரு தனி அளவுகோல் உண்டு, அது தொழிலறிவாகும். அரும்பு எந்தப் பக்குவத்தில் கிள்ளப்படும், கவ்வாத்து எனப்படும் செடி வெட்டு எப்போது நடக்கும், கூடை எங்கே நிறுக்கப்படும், நிறையில் எவ்வளவு கழிக்கப்படும் என்பன அவருக்கு அன்றாட அறிவு. அவற்றில் பிழைவிடும் எழுத்தாளர் வேறெதைச் சொன்னாலும் நம்பப்படமாட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' தமிழகத்தில் பெரிதும் போற்றப்பட்டது. அதன் சினமும் இரக்கமும் உண்மையானவை. ஆயினும் வேலையின் உட்புறம் அதிற் காணப்படுவதில்லை. என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையோ, ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறையையே கதையின் மையச் சிக்கலாக்குகிறது. உழைப்பு அங்கே பின்னணியாக இல்லாமல் நிகழ்ச்சியாகவே மாறுவதால், அது இன்றும் மலையகப் புனைவின் உச்சங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. சிறுகதையில் எட்டப்பட்ட இந்தச் செறிவு நாவலில் அரிதாகவே எட்டப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெடிய படைப்புக்கு வேண்டிய ஓய்வும் பதிப்பாளரும் இல்லாதிருந்தமை அதற்குப் பெருங்காரணமாகும்.

அரிதாக எட்டியவற்றுள் முதலில் வைக்கத்தக்கது சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்'. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சி.வி.யின் நாவல்கள் பல நாளிதழ்களில் தொடராக வந்தவை. அவற்றுட் சில நூலுருப் பெறாமலே நின்றன. 1981இல் நூலான 'வீடற்றவன்', சங்கம் அமைக்க முற்பட்ட தொழிலாளி வேலையை இழப்பதையும், வேலையோடு பிணைந்த லயத்து அறையையும் இழந்து வெளியேற்றப்படுவதையும் கூறுகிறது. தோட்டத்தில் வேலைநீக்கம் என்பது வீடுநீக்கமும் ஆகும் என்ற அந்த அமைப்பின் கொடுமையை இதைவிடச் சுருக்கமாகவும் ஆரவாரமின்றியும் விளக்கிய புனைவைக் காண்பது அரிது. தொழிற்சங்கவாதியாக வாழ்ந்த ஒருவர் பிரசாரத்தை இவ்வளவு அடக்கியாண்டது வியப்புக்குரியது; நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என வெளியிட்ட செவிப்புலன் அவருடைய உரைநடையின் அடக்கத்துக்கும் உதவியிருக்க வேண்டும்.

தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர் எழுந்த காணிப் பகிர்வும், அதை எதிர்த்த மக்களின் போராட்டமும் தி. ஞானசேகரனின் 'குருதிமலை'க்கு (1979) பொருளாயின. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் இத்தகைய காணிப் பகிர்வை எதிர்த்த தொழிலாளி சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான காலத்தின் கொதிப்பை அந்நாவலில் உணரலாம். தமிழருக்கெதிரான 1980களின் வன்செயல்களும், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய குடும்பங்களின் பிரிவும் எழுத்தாளரையும் வாசகரையும் ஒருங்கே சிதறடித்தன. 1997இல் துரை விஸ்வநாதன் தம் துரைவி வெளியீட்டின் மூலம் 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய தொகுதிகளைக் கொணர்ந்தமையும், தெளிவத்தை ஜோசப் 2000இல் 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதியமையும், ஆய்வாளர் சாரல் நாடன், நடேசய்யர், சி.வி. ஆகிய இருவரின் வரலாறுகளைத் தேடி எழுதியமையும், சிதறியதை மீளச் சேர்க்கும் பணிகளாக அமைந்தன. அவசரகாலச் சட்டத்தின் நிழலில் ஒரு தமிழர் கைதாவதைப் பேசும் ஜோசப்பின் 'குடை நிழல்' 2010இல் நூலாயிற்று; 2013இல் அவர் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்றபோது, மலையக எழுத்து கடல் கடந்த பொது வாசகரின் கவனத்துக்குத் தாமதமாகவேனும் வந்து சேர்ந்தது.

அண்மைக்கால நாவல்களுள் மு. சிவலிங்கத்தின் 'பஞ்சம் பிழைக்க வந்த சீமை' குடிபெயர்வின் நெடுவரலாற்றைப் புனைவுக்குள் அடக்க முயல்கிறது. வரலாற்றுச் செய்திகளின் கனம் கதையோட்டத்தைச் சில இடங்களில் தாமதப்படுத்தினாலும், பாடநூல்களில் இடம்பெறாத ஒரு வரலாற்றைத் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டிய தலைமுறைக்கு அக்கனமே பயனாகிறது. பிரமிளா பிரதீபனின் 'கட்டுபொல்' தேயிலையை விட்டுவிலகி, முள்தேங்காய் எனப்படும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துத் தொழிலாளரிடம் செல்கிறது. தேயிலைச் செடியும் கூடையும் தாமாகவே உணர்ச்சியை எழுப்பிவிடும் வசதி அங்கே கிடைப்பதில்லை; புதிய பயிரின் வேலைமுறையையும் ஆபத்துகளையும் முதலிலிருந்து காட்ட வேண்டிய பொறுப்பு எழுத்தாளருக்கு ஏற்படுகிறது. மலையக வாசகர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த தொழிலறிவு என்னும் அளவுகோலுக்கு இந்நாவல் தன்னை மனமுவந்து உட்படுத்திக்கொள்கிறது. தோட்டத்துப் பெண்ணின் வாழ்வைத் தோட்டப் பின்னணியிலிருந்து வந்த பெண்ணே நாவலாக எழுதுவது, 'தூரத்துப் பச்சை' வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னர் இந்நாவலில் நிகழ்ந்திருக்கிறது.