குருவானவர் எழுதிய அளவைப் பாடம்

1792ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பாரிஸ் மாநகரின் புனித ஃபிர்மின் குருமடம் சிறைச்சாலையாக மாற்றப்பட்டிருந்தது. புரட்சி அரசு கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்த குருக்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் ரெனே ஜுஸ்ட் ஆயுயி. ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்து, குருவாகி, படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து ஐரோப்பா எங்கும் அறியப்பட்டவர். சிறையிலும் தம் படிகப் பெட்டிகளை வருவித்து, அவற்றை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தாராம். மாணவர் ஒருவரின் முயற்சியால் விடுதலை ஆணை வந்தபோது, நேரமாகிவிட்டது, மறுநாள் போகலாம் என்று அமைதியாக இருந்துவிட்டார் என்பர். செப்டம்பர் 3ஆம் நாள் வெறிகொண்ட கும்பல் அக்குருமடத்துள் புகுந்து, எஞ்சியிருந்த குருக்களுள் பெரும்பாலோரைக் கொன்று குவித்தது. அந்நாள்களில் பாரிசில் கொல்லப்பட்டவர்களுள் 191 பேரைத் திருச்சபை 1926இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தியது.

உயிர் தப்பிய இக்குருவுக்கும், கடைத்தெருவில் நாம் நாள்தோறும் சொல்லும் கிலோ, லிட்டர், மீட்டர் என்பவற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. புதிய அளவைகளை மக்களுக்குக் கற்பிக்க அப்புரட்சி அரசே 1794இல் வெளியிட்ட பாடநூலை எழுதியவர் அவரே.

அளவை மாற்றம் ஏன் வேண்டியிருந்தது என்பதை முதலில் காண்போம். பழைய பிரான்சில் ஏறத்தாழ 800 பெயர்களில் இரண்டரை இலட்சம் வெவ்வேறு அளவைகள் வழங்கின என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். ஊருக்கு ஊர் மரக்கால் வேறு; ஒரே ஊரிலும் வாங்கும் மரக்கால் வேறு, விற்கும் மரக்கால் வேறு. நிலக்கிழாரின் களஞ்சியத்துக்குத் தானியம் அளக்கும்போது குவித்து அளப்பார்கள். குடியானவனுக்குத் திருப்பி அளக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். ஆமோஸ் இறைவாக்கினர் மரக்காலைச் சிறிதாக்கியவர்களைக் கடிந்துகொண்டதும், லேவியர் நூல் நேரிய துலாக்கோலைக் கட்டளையிட்டதும் திருச்சபையின் கைகளில் இருந்த மறைநூலில்தான். எனினும் அதே திருச்சபையின் மடங்கள் சிலவும் தசமபாகத் தானியத்தை இத்தகைய மரக்கால்களால் வாங்கியவையே. இதை மறைப்பதில் பயனில்லை. 1789இல் மக்கள் மன்னனுக்கு எழுதி அனுப்பிய முறையீட்டு ஏடுகளில் ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் வருகிறது.

புவியையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் முன்பே ஒரு குருவின் உள்ளத்தில் எழுந்ததுதான். லியோன் நகரத் தூய பவுல் ஆலயத்தில் பணியாற்றிய கபிரியேல் மூத்தோன் என்பவர், புவியின் நெடுக்கோட்டிலிருந்து ஓர் அளவை எடுத்து, அதைப் பத்துப் பத்தாகப் பகுக்கும் முறையை 1670இலேயே வெளியிட்டார். 120 ஆண்டுகள் கழித்து, 1790இல், தேசியப் பேரவையில் அளவைச் சீர்திருத்தத்தை முன்மொழிந்தவர் ஓத்தன் நகர ஆயர் தாலேரான். அவர் அரசின் உறுதிமொழியை எடுத்துக்கொண்டார்; ஆயுயி மறுத்தார். இருவரும் ஒரே பணியில் வந்து நின்றனர்!

புதிய முறையின் அடிப்படை எளியது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவின் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர். பக்கத்துக்குப் பத்தில் ஒரு மீட்டர் உள்ள பெட்டி கொள்ளும் அளவு ஒரு லிட்டர். அந்தப் பெட்டி நிறையத் தூய நீர் ஊற்றினால் அதன் எடை ஒரு கிலோகிராம். நீளமும் கொள்ளளவும் எடையும் இவ்வாறு ஒரே மரத்தின் கிளைகளாயின. டன்கிர்க்கிலிருந்து பார்சலோனா வரை நிலத்தை அளக்கத் தெலாம்பர், மெஷேன் என்னும் இருவர் 1792 முதல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அலைந்தனர். தம் கணக்கில் நேர்ந்த ஒரு முரண்பாட்டை வெளியே சொல்ல அஞ்சி மனம் நொந்த மெஷேன், அளவைப் பணியைத் தொடரச் சென்ற ஸ்பெயினில் 1804இல் காய்ச்சலால் இறந்தார். அவர் கதை தனியே எழுதத்தக்கது.

நீரை எடைபோட்டவர்கள் வேதியியலறிஞர் லவாய்சியரும் நம் ஆயுயியும். 1793 தொடக்கத்தில் அப்பணி நடந்தது. ஆண்டு முடியுமுன் லவாய்சியர் சிறைப்பட்டார். அந்நாளில் கைதிக்காகப் பரிந்து பேசுவது தன் கழுத்தையே நீட்டுவதற்கு ஒப்பாகும். ஆயினும் அளவை ஆணையத்தின் பெயரால், பணிக்கு அவர் தேவை, விடுவியுங்கள் என்று எழுதிய மடலில் போர்தா என்னும் அறிஞரும் ஆயுயியும் கையொப்பமிட்டனர். ஓராண்டுக்கு முன் தாமே கொலைக்களத்தின் வாயிலிலிருந்து மீண்ட குரு அவர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பயனில்லை. 1794 மே 8இல் லவாய்சியரின் தலை வீழ்ந்தது.

அந்த ஆண்டிலேயே பாடநூல் வந்தது. கிராமுக்கும் லிட்டருக்கும் அப்போது வேறு பெயர்கள். இன்றுள்ள பெயர்களை 1795 ஏப்ரல் 7ஆம் நாள் சட்டம் தந்தது. பெருக்கத்துக்குக் கிரேக்கச் சொற்கள்: தெக்கா பத்து, எக்டோ நூறு, கிலோ ஆயிரம். பகுப்புக்கு இலத்தீன் சொற்கள்: தெசி, சென்டி, மில்லி. ஏழு சொற்களையும் மீட்டர், லிட்டர், கிராம் ஆகியவற்றின் முன் ஒட்டக் கற்றவன் உலகை அளக்கலாம். (விடுபட்ட ஏழாவது, பத்தாயிரத்தைக் குறித்த மிரியா, அது வழக்கொழிந்தது.)

மக்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வியப்பும் இல்லை. பத்தின் மீது பித்துக்கொண்ட அரசு, வாரத்தையும் பத்து நாளாக்கி ஞாயிற்றுக்கிழமையை அழித்திருந்தது. ஆண்டவரின் நாளைப் பறித்த கை நீட்டிய அளவுகோலை நம்பிக்கையாளன் எப்படி விரும்புவான்? அந்த நாள்காட்டி 1805ஆம் ஆண்டோடு மறைந்தது. அளவைகளோ 1812இல் நெப்போலியன் பழையவற்றுக்கு இடம் கொடுத்த பின்பும் பிழைத்து, 1840 முதல் பிரான்சில் கட்டாயமாயின. ஆயுயி 1822இலேயே இறந்துவிட்டார்.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 1957இல் நயா பைசாவும் 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் வந்தன. பலம், வீசை, மணங்கு எனப் பழகிய நாவுகள் நூறு கிராம் எனத் திருந்தின. படியும் ஆழாக்கும் சமையலறையில் இன்னும் முழுதாக விடைபெறவில்லை.

புதிய அளவை மக்கள் கண்டு பழகுவதற்காக, பாரிஸ் தெருச் சுவர்களில் மீட்டர் நீளம் பொறித்த சலவைக்கற்களைப் பதித்தனர். அவற்றுள் ஒன்று வோழிரார் தெருவில் தான் பதிக்கப்பட்ட இடத்திலேயே இன்றும் உள்ளது. அதே தெருவில் சிறிது தொலைவு நடந்தால் கார்மேல் மடத்துக் கோவில் வரும். 1792 செப்டம்பர் 2இல் நூற்றுக்கு மேற்பட்ட குருக்கள் கொல்லப்பட்ட தோட்டம் அதன் பின்புறம்.