நான்கு மாணவர் வரைந்த நிலப்படம்

2012ஆம் ஆண்டு. சேலம் மாவட்டத்தில் ஒரு பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த நாங்கள் நால்வர், சுற்றுப்புறத்து ஏரிகளுக்கெல்லாம் ஓர் இணைய நிலப்படம் அமைக்க முற்பட்டோம். எந்த ஏரிக்கு எத்தனை மதகு, கலங்கல் எங்கே, எந்த ஊர் வயலுக்கு நீர் பாய்கிறது என்பவற்றைக் கணினித் திரையில் எவரும் தொட்டுக் காணும்படி செய்வது எங்கள் நோக்கம். அந்த வேலையில் ஒரு பிழை நேர்ந்தது. பிழை என்னுடையதுதான். ஆனால் அதன் வேரைத் தேடிச் சென்றபோது, அது 1830ஆம் ஆண்டில் போய் நின்றது.

இணைய நிலப்படம் வயதில் இளைய கலை. 1993இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த படம் முன்னோடிகளுள் ஒன்று. அதில் ஒரு முறை தொட்டால், தொலைவில் இருக்கும் கணினி முழுப் படத்தையும் புதிதாக வரைந்து அனுப்பும்; பார்ப்பவர் காத்திருக்க வேண்டும். 2005இல் வெளிவந்த கூகுள் மேப்ஸ் இந்தக் காத்திருப்பைப் போக்கியது. அதன் உபாயம் எளியது. உலகம் முழுவதையும் பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தில் அடக்கு, அடுத்த நிலையில் அதை நான்கு சதுரமாக்கு, அதற்கடுத்து பதினாறு. இப்படியே பதினெட்டாம் நிலைக்குப் போனால் ஏறத்தாழ 6,870 கோடி சதுரங்கள் வரும். ஆனால் நம் திரைக்கு ஒரு வேளையில் வேண்டுபவை பத்திருபதே. அவை மட்டும் வந்து, தளத்தில் கல் பாவினாற்போல் அடுத்தடுத்து அமர்ந்துகொள்ளும். உருண்டையான பூமியைத் தட்டையாக்க இவர்கள் கையாண்ட முறையோ, கடலோடிகளுக்காக மெர்க்காட்டர் 1569இல் வகுத்ததன் வழிவந்தது.

மாணவர்களாகிய எங்களுக்கு இதில் இரண்டு உதவிகள் கிட்டின. இலண்டனில் மாணவராயிருந்த ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் படம் ஒன்று; அதை எவரும் திருத்தலாம், எவரும் எடுத்தாளலாம். மற்றொன்று, உக்ரேனியரான விளாதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட் என்னும் சிறு நிரல்தொகுதி. காசு கொடுத்து வாங்கவேண்டிய நிலை இருந்திருப்பின், எங்கள் திட்டம் முதல் வாரத்திலேயே முடிந்துபோயிருக்கும்.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். ஒருவர் நிரல் எழுதினார். ஒருவர் ஊர் ஊராகச் சென்று மதகுகளின் பெயர்களைக் கேட்டு எழுதினார். தோழி ஒருவர் ஜி.பி.எஸ். கருவியைக் கையிலேந்திக் கரைமேல் நடந்து, தெருக்களையும் வீடுகளையும் குறித்து வந்தார். எனக்கு நிழலில் அமர்ந்து செய்யும் வேலை வாய்த்தது. நூலகத்தில் இருந்த பழைய இந்திய நில அளவைத் தாள், ஓர் அங்குலம் ஒரு மைலுக்கு நிகரானது. அதன் நான்கு மூலைகளிலும் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணினிக்குச் சொல்லி, ஏரிகளின் எல்லைக் கோட்டை அதன்மேல் வரைந்தேன். கணினி எண்களை ஏற்றுக்கொண்டது. நானும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

படம் உருவானதும் ஒரு கிராமத்துக்குக் கொண்டுசென்று, ஊராட்சி அலுவலகத் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினோம். பெரியவர் ஒருவர் தம் தெருவைக் காட்டச் சொன்னார். காட்டினோம். நீலநிற ஏரிக்குள் பதினான்கு வீடுகள் இருந்தன.

"தம்பி, எங்க தெருவத் தண்ணிக்குள்ள போட்டுட்டீங்களே" என்றார் அவர். குரலில் சினம் இல்லை. அச்சம் இருந்தது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருந்தது, நல்ல சட்டம்தான். எங்கள் படத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பு ஒன்றுமில்லை என்று நாங்கள் அறிவோம். அவருக்கு அது எப்படித் தெரியும்? கணினியில் வந்துவிட்டது என்றால் அரசாங்கம் எழுதிவிட்டது என்பதே அவர் கணக்கு.

விடுதிக்குத் திரும்பியதும் சண்டை மூண்டது. அச்சிட்ட அரசாங்கத் தாள் தவறாது, கருவிதான் தவறியிருக்கும் என்று நான் சாதித்தேன். என் பிடிவாதத்தால் அந்தத் தோழி மறுநாள் மீண்டும் வெயிலில் அந்தக் கரை முழுவதும் நடந்தார். கோடு முன்போலவே விழுந்தது. அப்போதுதான் கரைமேல் இருந்த பிள்ளையார் கோயிலைப் பார்த்தேன். தாளின்படி அது வயல் நடுவே நின்றது! கோயில், பாலம், சாலைமுனை எதை எடுத்தாலும் இருநூறு மீட்டரை ஒட்டிய விலகல்; எல்லாம் ஒரே திசையில். கைப்பிழையாயின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். இப்படி அணிவகுத்து நிற்காது.

நில அளவை கற்பித்த ஆசிரியரிடம் போனோம். "உங்கள் தாளும் உங்கள் கருவியும் ஒரே பூமியைத்தான் பேசுகின்றனவா?" என்று கேட்டார் அவர்.

அவர் சொன்னதன் சாரம் இது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெப்பத்தால் சங்கிலி நீளுமே என்று, கூடாரத்து நிழலில் வைத்து, வெப்பமானி பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடெங்கும் அளவை பரவியது. அவருடைய கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றியபோது கயிறு அறுந்து மோதி நசுங்கிற்று. லாம்ப்டன் அதைப் புதைத்துவிடவில்லை. கூடாரத்துக்குள் ஆறு வாரம் அடைந்துகிடந்து, தம் கையாலேயே செப்பனிட்டார். கருவி தவறியிருக்கும் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்ட எனக்கு, அதைக் கேட்க வெட்கமாயிருந்தது.

அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவையை இமயமலை அடிவாரம் வரை கொண்டுசென்றார். அளந்ததைத் தாளில் இறக்கப் பூமியின் வடிவம் தெரிய வேண்டும். அவர் 1830இல் வகுத்த வடிவத்தில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377 கிலோமீட்டரும் சிறிது மிகையும். இன்று செயற்கைக்கோள்கள் கொள்ளும் ஆரம் அதைவிட 861 மீட்டர் அதிகம். அன்றியும், எவரெஸ்டின் பூமி இந்திய நிலத்துக்குப் பொருந்தும்படி அமைந்தது; அதன் நடுப்புள்ளி மெய்யான பூமியின் நடுப்புள்ளியிலிருந்து பல நூறு மீட்டர் விலகியிருந்தது. செயற்கைக்கோளோ மெய்யான நடுப்புள்ளியைத்தான் சுற்றுகிறது. ஆகவே ஒரே பிள்ளையாருக்கு இரண்டு தீர்க்கரேகை. இரண்டும் சரி. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டதுதான் தவறு. 2005இல் அறிவித்த தேசிய நிலப்படக் கொள்கை, பொதுமக்களுக்கான தாள்களைச் செயற்கைக்கோள் முறைக்கு மாற்றச் சொன்னதும் இதனாலேயே. எங்கள் நூலகத்துத் தாள் அதற்கு வெகு காலம் முந்தியது.

திருத்தம் செய்யக் கணினிக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. தாள் எந்தப் பூமியைச் சேர்ந்தது என்று ஒரு வரி எழுதினேன், அவ்வளவே. ஏரி முழுவதும் நகர்ந்து கரைக்குள் அடங்கியது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த முறை நீ நட, நான் நிழலில் உட்காருகிறேன்" என்றார்.

மீண்டும் அந்தத் திண்ணைக்குப் போனோம். பதினான்கு வீடுகளில் பன்னிரண்டு வெளியே வந்திருந்தன. பெரியவர் தம் வீட்டைக் கண்டுகொண்டு, விரலைத் திரையிலேயே வைத்திருந்தார். மற்ற இரண்டும் ஏரிக்குள்ளேயே இருந்தன. அவற்றை அழித்துவிடலாமா என்று முதல்நாள் இரவெல்லாம் எங்களுக்குள் பேச்சு நடந்தது, அழிக்கவில்லை. அந்த இரண்டு வீடுகள் யாருடையவை என்று பெரியவரிடம் நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.