பச்சிலைக்கு உரியவர் யார்?

குலசேகரத்தில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு மலை தெரியும். ரப்பர்த் தோட்டங்கள் அடுக்கடுக்காய் ஏறிச் செல்லும். அவற்றுக்கு மேலே பேச்சிப்பாறை அணை. அணைக்கு அப்பால் காடு. காட்டுக்குள்ளே காணிக்காரர் குடியிருப்புகள். அதற்கும் அப்பால், மாநில எல்லையைக் கடந்து, 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர் கூடம். அப்பெயரைக் கேட்டதும் கைகூப்புவோர் இன்றும் உளர். வடக்கு தாழ்ந்ததாம், தெற்கு உயர்ந்ததாம், உலகைச் சமன் செய்யக் குறுமுனி ஒருவர் வந்தாராம். வந்தவர் தமிழும் தந்தாராம், மருந்தும் தந்தாராம்! அவர் வருமுன்னே இம்மலையில் காய்ச்சல் கண்டவன் என்ன செய்தான்? பாம்பு தீண்டியவன் எதைத் தின்றான்? புராணம் இதற்குப் பதில் கூறாது. காடு கூறும். காட்டிலே வாழ்ந்தவன் கூறுவான். ஆனால் அவனைக் கேட்க எவருக்கும் மனம் வந்ததில்லை.

கேட்டவன் ஒருவன் உண்டு, அவன் அயலான். கொச்சியிலிருந்து மலையாளக் கரையை ஆண்ட டச்சுத் தளபதி வான் ரீடே, தன் வீரர்களை நோய் வாட்டுவதையும், ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்துகளின் மூலச்சரக்கே இக்கரையிலிருந்து போவதையும் கண்டான். செடிகளைத் தொகுக்கப் புறப்பட்டான். அதன் விளைவே ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் பெருநூல்; 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது; ஏறத்தாழ 740 செடிகளைச் சொல்வது. அதற்கு அறிவு தந்தோர் யார்? கொங்கணி அந்தணர் மூவரின் சான்றிதழ் அதிலே உண்டு. கூடவே, 1675 ஏப்ரல் 20 ஆம் நாள் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் கோலெழுத்தில் எழுதித் தந்த சான்றும் உண்டு. தன் குடும்பத்து ஏடுகளிலிருந்தும் தன் நீண்ட பழக்கத்திலிருந்தும் மரம், கொடி, பூண்டு ஆகியவற்றின் பெயரையும் குணத்தையும் எடுத்துரைத்ததாக அவர் சொல்கிறார்.

சேர்த்தலைப் பக்கத்துக் கரப்புறம் அவர் ஊர். காயலைக் கடந்தால் மறுகரையில் வைக்கம். ஆம், அதே வைக்கம்தான்! இட்டி அச்சுதன் சொன்ன செடிகளைச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் ஏட்டிலே ஏற்றினான், உலகம் படித்தது. ஆனால் அவர் இனத்தார் வைக்கத்துக் கோயிலைச் சுற்றிய தெருவிலே நடக்க 1924 இலும் உரிமையில்லை. அதற்காகப் போராடிய பெரியார் சிறை புகுந்தார். அறிவை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதைத் தந்தவன் கால் தெருவில் படலாகாது. இதுவன்றோ அன்று நடந்த நீதி! அந்நூல் முழுதும் ஆங்கிலத்தில் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தாவரவியலறிஞர் மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கென ஈந்தார்.

இனி மலைக்கு வருவோம். 1987 டிசம்பரில், பழங்குடி மக்களின் தாவர அறிவை ஆயும் பெருந்திட்டமொன்றின் கீழ், புஷ்பாங்கதன், இராசசேகரன் முதலிய ஆராய்ச்சியாளர் அகத்திய மலைக்காட்டில் ஏறினர். வழிகாட்டிச் சென்றோர் காணிக்காரர்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் பின்னாளில் உலக ஆவணங்களில் ஏறின. படித்தவர்கள் மூச்சிரைக்க நின்றார்கள். வழிகாட்டிகளோ சிறு பழங்களை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். என்ன பழம் என்று கேட்டபோது, அது குலத்து இரகசியம், சொல்வதற்கில்லை என்று முதலில் மறுத்தனர். வற்புறுத்திய பின்னரே செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்று இன்று வழங்குவது அதுவே.

அறிவியல் தன் கடமையைச் செய்தது. சுண்டெலிகளுக்குச் சாற்றை ஊட்டி நீந்தவிட்டுப் பார்த்தனர். களைப்பைத் தாங்கும் ஆற்றல் கூடியதைக் கண்டனர். காணிக்காரர் தின்றது பழம். ஆய்வாளர் பயன்படுத்தியது இலை. அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்றொரு மருந்தைப் பாலோடு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. 1995 நவம்பரில் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிக்காரருக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது. நாம் அதைப் பாராட்டவே செய்கிறோம். பல்லுயிர்ச் சட்டம் இந்நாட்டில் வந்ததோ 2002 இல்.

ஆனால் பாராட்டு கணக்கை மூடிவிடாது. பணம் யார் கையில் போய்ச் சேர வேண்டும்? காணிக்காரரிடையே மருத்துவ அறிவைக் காத்து வருவோர் பிலாத்திகள். அவர்களிலே ஒன்பது பேர் 1995 இலேயே கேரள முதலமைச்சருக்கு எழுதி, எங்கள் அறிவைத் தனியார்க்கு விற்காதீர் என்று மறுப்புத் தெரிவித்தனர். வழிகாட்டிய இளைஞர்க்கு இரகசியத்தைச் சொல்லும் உரிமை உண்டா என்ற வினாவும் எழுந்தது. 1997 இல் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999 இல் 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் அதற்கு வந்தது. அதற்கிடையில் வனத்துறை குறுக்கே நின்றது. காட்டுச் செடியைப் பறிக்கலாகாது, பயிரிட்டதைக் கொணர்வதற்கும் அனுமதி வேண்டும் என்றது. மர நிழலிலேதான் மருந்துக் குணம் நன்கு அமையும் செடி அது. வெட்டவெளித் தோட்டத்துக்கு இழுத்து வந்தால் சொன்னபடி கேட்காது. மலையில் பிறந்தவன் மலைச் செடியை விற்க மனுப்போட வேண்டியிருந்தது. கடல் கடந்த வணிகனுக்கோ அத்தொல்லை இல்லை. அமெரிக்க நிறுவனமொன்று ஜீவனி என்ற பெயரையே அங்கே வணிகக்குறியாக்கிக்கொண்டது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருந்தது. பேச்சிப்பாறை மலையில் வாழும் காணிக்காரர் 1956 நவம்பர் 1 வரை அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள். அதே காடு, அதே வழக்கம். எல்லைக்கோடு தமிழர் விரும்பிப் பெற்ற கோடுதான். அதற்காகப் போராடியோர், உயிர் தந்தோர் குமரி மண்ணிலே உண்டு. ஆயினும் பச்சிலைக்கு எல்லை தெரியாது. கோட்டுக்கு இப்பால் இருந்த காணிக்காரன் அந்தப் பங்கீட்டுக்குள் வரவில்லை.

ஜீவனி போன்றவை அமெரிக்க அங்காடியில் எந்தப் பெயரால் விலைபோகின்றன? மருந்து என்றல்ல, உணவுத் துணைப்பொருள் என்று. அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய பொருளை விற்குமுன் அது பயன்தரும் என்று அரசிடம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அந்நாட்டில் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய ஸ்பானிய மொழியினரின் நிலை நம் இளைஞர் அறியத் தக்கது. மருத்துவச் செலவோ மலையளவு. காப்புறுதி இல்லாதோர் மிகுதி. மருத்துவரின் மொழியோ அயல்மொழி. ஆகவே தம் மக்களின் பச்சிலைக் கடையையும் நாட்டு வைத்தியரையும் நாடுகின்றனர். தின்பதை மருத்துவரிடம் சொல்லாமல் மறைத்துவிடுவோரும் பலர். குழந்தைக்கு வயிற்றில் உணவு ஒட்டிக்கொண்டது என்று அவர்கள் சொல்லும் நோய் நம் ஊர் ‘மாந்தம்’ போன்றது. அதற்குத் தரும் ‘அசர்க்கோன்’ என்ற செம்மஞ்சள் பொடி ஏறத்தாழ முழுதும் ஈயம்! 1981 இல் அமெரிக்க நோய்த்தடுப்பு நடுவம் இதைப் பற்றி எச்சரித்தது. அன்போடு ஊட்டிய தாயைக் குறை கூறுவதா? அவளுக்கு மருத்துவமனைக் கதவைத் திறவாத ஏற்பாட்டையன்றோ கூற வேண்டும்!

அவர்களைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. 2004 இல் பாஸ்டன் நகரத்து இந்தியக் கடைகளில் விற்ற ஆயுர்வேதப் பொருள்கள் 70 ஐ ஆராய்ந்தனர். 14 இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அனுப்பியது நம் பக்கத்து நாடுகளும் நாமும்தான். 2020 இல், கொரோனா அச்சத்தில், எதிர்ப்பாற்றல் கூடும் என்று சீந்திற்கொடியைக் குடித்த ஆறு பேர் கல்லீரல் கேட்டுடன் மும்பை மருத்துவர்களிடம் வந்தனர். அடுத்த ஆண்டு அச்செய்தி வெளியானபோது, ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது; அவர்கள் குடித்தது சீந்தில்தானா, அதனைப் போன்ற வேறு கொடியா என்று கேட்டது. நல்ல கேள்வி! அந்தக் கேள்வியை விற்பதற்கு முன்பு கேட்டிருக்கலாம். எது சீந்தில், எது சீந்தில் போன்றது என்று கொடியைத் தொட்டுச் சொல்ல வல்லவன் மலையிலே இருக்கிறான். டப்பாவில் அடைத்து விற்பவனோ மலையையே பார்த்ததில்லை.

பழைய திருவிதாங்கூர் மண்ணில் ஆடி மாதத்து மருந்துக் கஞ்சியும், பேறுகால லேகியமும், ஆசான்மாரின் வர்ம எண்ணெயும் வாழ்வோடு ஒட்டியவை. அவற்றைத் தூக்கியெறி என்று நாம் கூறவில்லை. பச்சிலை என்பதாலேயே பால்போன்றது என்று நம்புவதைத்தான் மறுக்கிறோம். அதிமதுரம் இனிக்கும், அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவர் அதன்மேல் பாகற்சாற்றையும் நாள்தோறும் பருகினால், சர்க்கரை வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கவும் கூடும். டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஏசுவார் என்று அஞ்சுகிறார்கள். ஏசும் டாக்டரும் உண்டு என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

எலியிடம் கண்டதை மனிதனிடம் கண்டதாக எழுதும் உரிமை விளம்பரக்காரனுக்கு இல்லை. வியத்தகு மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954 இலேயே வந்தது; நாளிதழைப் புரட்டினால் அச்சட்டத்தின் கதி தெரியும். முனிவர் அருளியது என்று அட்டையில் அச்சிடுவதற்கு எந்தச் சோதனையும் வேண்டுவதில்லை. முனிவர் வழக்குத் தொடரமாட்டார், பங்கும் கேட்கமாட்டார். காணிக்காரன் கேட்பான். 2002 இல் ஜோகன்னஸ்பர்க் நகரில், இந்தப் பங்கீட்டு முறைக்காக ஐக்கிய நாடுகளின் ஆதரவுடன் வழங்கப்பட்ட ஈக்குவேட்டர் பரிசு புஷ்பாங்கதனுக்குக் கிடைத்தது. ஜீவனியின் ஏழாண்டு உரிமமும் அக்காலத்தோடு முடிவுக்கு வந்தது. மலைமேல், மர நிழலில், ஆரோக்கியப்பச்சை இன்னும் வளர்கிறது; அதைப் பறிக்க அன்று காணிக்காரனுக்கு வனத்துறையின் இசைவு வேண்டியிருந்தது.